குளத்து மீனுக்குக் கடலா, கடலையா?

கல்லணைக்குக் கீழே காவிரி கிளைகிளையாய்ப் பிரிந்து கடல்சேரும் நெல்நாட்டில், மீன் என்பது பன்னூறாண்டுகளாக நீரோடு வந்து நீரோடு போகும் விளைவாகவே இருந்துவந்தது. வாய்க்காலில் புதுநீர் வந்தால் வயலில் கெண்டை துள்ளும். கோடையில் குளம் வற்றுங்கால் ஊரார் கூடி இறங்கி விராலும் கெளுத்தியும் குறவையும் வாரிக்கொள்வர். மருதத்திணையைப் பாடிய பழம்புலவர் நெல்லையும் மீனையும் ஒருசேரவே கண்டனர். அந்த மீனுக்கு இரையிட்டவர் எவருமிலர். மாடு குளிக்குங்கால் கலந்த சாணமும், கரையில் உதிர்ந்த இலையும், நீரில் தழைத்த பாசியும், அப் பாசியைத் தின்ற சிற்றுயிர்களுமே அதனை வளர்த்தன.

இன்றைய நிலை வேறு. புதாறு எனப்படும் கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கங்களில் நெல்வயலைக் குடைந்து மீன்குட்டையாக்கிய உழவர் பலர். நாகை, மயிலாடுதுறைக் கடலோரங்களில் இறால் குட்டைகள் வரிசையாய்க் கிடக்கின்றன. இங்கெல்லாம் மீன் தானே இரைதேடி வளர்வதில்லை. வளர்ப்பவர் இட்டதைத் தின்று வளர்கிறது. நடப்புச் செலவில் பாதிக்குமேல் தீனிக்கே போய்விடுகிறது. (கடைத்தெருவில் அதனைத் 'தீவனம்' என்றே சொல்கின்றனர். தின் என்னும் வேரிற் பிறந்த 'தீனி' மாட்டுக்கும் கோழிக்கும் ஆகிவந்திருக்க, மீனுக்கு மட்டும் ஏன் ஆகாது?)

அத் தீனிப் பைக்குள் இருப்பது என்ன என்று கேட்கும் உழவர் சிலரே. மிதக்கிறதா, மீன் ஓடிவந்து தின்கிறதா, பை என்ன விலை என்பனவே பலர் கேட்பன. விற்பவர் 'மீன்தூள் சேர்ந்தது' என்பதை ஒரு பெருமையாகச் சொல்லி விலையை ஏற்றினால், கேட்பவரும் அதனை நெய் ஊற்றிய சோறுபோல எண்ணி மயங்குகின்றனர். இம் மயக்கந்தான் தெளிய வேண்டுவது. காவிரிப் படுகையிற் பெரும்பாலும் வளர்க்கப்படும் கெண்டையினத்துக்கு மீன்தூள் வேண்டுவதே இல்லை. அதற்குரிய புரதம் இந் நாட்டுத் தவிட்டிலும் பிண்ணாக்கிலும் பயற்றிலும் உள்ளது. மீன்தூள் வேண்டும் உயிர்களுக்கும் அதன் அளவைப் பெரிதுங் குறைக்கலாம். இதனை உழவரும் அரசும் உணராவிடின், குளத்தில் ஒரு மீனை வளர்க்கக் கடலிற் பல மீனை அழிக்குங் கணக்கே மிஞ்சும்.

மீன்தூள் என்பது கடலிற் பிடித்த சிறுமீனை வேகவைத்துப் பிழிந்து, நெய்யும் நீரும் நீக்கி, உலர்த்தி அரைத்தெடுத்த மாவாகும். நல்ல தூளில் நூற்றுக்கு 60 முதல் 70 பங்கு புரதம். ஒரு கிலோ தூளுக்கு நான்கு முதல் ஐந்து கிலோ பச்சைமீன் வேண்டும். உலக முழுதும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 50 இலக்கம் தொன் மீன்தூள் அரைக்கப்படுகிறது. அதற்காகும் பச்சைமீன் எவ்வளவு என்பதைப் படிப்பவரே பெருக்கிக்கொள்ளலாம். ஒரு தொன் தீனியில் பத்தில் ஒரு பங்கு மீன்தூள் எனக் கொள்க. நூறு கிலோ தூள். நானூறு முதல் ஐந்நூறு கிலோ கடல்மீன். குட்டைக் கரையில் அடுக்கிவைத்த இருபது ஐம்பதுகிலோப் பைகளுக்குள் அத்தனை மீன் மறைந்து கிடக்கிறது.

அந்த மீன் யாருடைய மீன் என்பதே முகன்மையான கேள்வி.

விசைப்படகின் இழுவைமடி கரைசேர்ந்ததும் இறாலும் வஞ்சிரமும் கணவாயும் முதலிற் பொறுக்கப்படும். அடியில் எஞ்சுவது குஞ்சும் குறுமீனும் நண்டுக்குருத்துமாய்க் கலந்துகிடக்கும் குவியல். கடற்கரையில் அதனைச் 'சங்காயம்' என்பர். முன்னாளில் அதிற் பெரும்பகுதி கடலிலேயே கொட்டப்பட்டது, மிஞ்சியது கருவாடாயிற்று. இன்று அது மணலிற் காய்ந்து, மூட்டையாகி, கோழித்தீனிக்கும் மீன்தீனிக்கும் போகிறது. கழிவுக்கு விலை ஏற்பட்டுவிட்டால் அதன்பின் அது கழிவாக இராது. முன்பு வலையில் தவறிவந்து விழுந்தது, இன்று எதிர்பார்த்துப் பிடிக்கும் பொருளாகிவிட்டது. நல்ல மீன் அருகிய நாளிலும் எண்ணெய்ச் செலவை ஈடுகட்டச் சங்காயம் உள்ளது. ஆகவே இழுவைமடி ஓயாது ஓடுகிறது. வளர்ந்திருந்தால் ஒரு குடும்பத்தின் உணவாகியிருக்கும் வஞ்சிரக் குஞ்சும் பாறைக் குஞ்சும் அக் குவியலில் விரல்நீளத்திற் கிடக்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்பதே அதன் நோக்கம். எஞ்சிய முந்நூற்று நான்கு நாளும் அக் குஞ்சுகளையே அரித்தெடுத்தால் தடைக்கு என்ன பொருள்?

குஞ்சு போகட்டும். காரலும் கவலையும் சாளையும் நெத்திலியும் குஞ்சுகளல்ல. முழுதும் வளர்ந்த சிறுமீன்கள். தஞ்சை நெல்வயலில் நாற்றுப்பறித்த கைகளுக்குக் கஞ்சியோடு கிடைத்த ஒரே ஊன் பெரும்பாலும் காரற் கருவாடாகவே இருந்தது. கூடை சுமந்து ஊரூராய் வந்த மீனவப் பெண்டிர் அதனைக் கொணர்ந்தனர். அப் பெண்ணும் தீனி வணிகனும் ஒரே ஏலத்தில் நின்றால் யார் வெல்வர்? நெல்நாட்டின் ஏழை தின்ற மீன், நெல்நாட்டின் குட்டை மீனுக்கு இரையாகி, விலைகூடிய மீனாக நகரத்துக்குப் போகிறது.

இது சோழநாட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. மேலைக் கடற்கரையில், கருநாடகத்து மங்களூர், மல்பே பக்கங்களில் நெய்ச்சாளையை அரைக்கும் ஆலைகள் பல உள்ளன. சேரநாட்டார் 'மத்தி' என்று வழங்கும் அதே மீன். 2012-இல் கேரளக் கரைகளில் ஏறத்தாழ நான்கு இலக்கம் தொன் இறங்கிய அம் மீன், 2021-இல் நாலாயிரம் தொன்னுக்கும் கீழே போயிற்று. அவ் வீழ்ச்சிக்குக் கடல்நீரின் வெப்பமும் பருவமாற்றமுமே முகன்மைக் கரணியம் என்று ஆய்வாளர் கூறுவர். எல்லாப் பழியையும் ஆலைமேற் போடுதல் முறையன்று. ஆனால் ஒருநூறு பங்கில் ஒரு பங்காகச் சுருங்கவல்ல விளைவை நம்பி ஒரு தொழிலைக் கட்டலாமா என்று கேட்டல் முறையே. ஆப்பிரிக்காவின் மேலைக் கடற்கரையில் மொரித்தானியா, செனகல், காம்பியா நாடுகளிலும் மக்கள் உண்ணும் சாளை மீன்தூள் ஆலைக்குப் போவதை எதிர்த்து மீனவர் குரல் எழுந்துள்ளது.

மீன்தூளை நம்பியவர் பட்ட பாட்டுக்குப் பெருநாடே பெருஞ்சான்று. தென்னமெரிக்காவின் மேலைக்கரையிலுள்ள அந் நாட்டில் 1970-இல் ஒருகோடியே இருபது இலக்கம் தொன்னுக்கு மேல் நெத்திலியினத்து மீன் பிடிக்கப்பட்டது. ஏறத்தாழ முழுதும் தூளாகவே போயிற்று. 1972-இல் 'எல் நினோ' எனப்படும் வெந்நீரோட்டம் வந்தது. மிகையாய்ப் பிடித்து மெலிந்திருந்த கூட்டம் அத்துடன் நொறுங்கியது. 1973-இல் கிடைத்தது இருபது இலக்கம் தொன்னுக்குங் கீழே. உலகத்துக் கோழிப்பண்ணைகளும் பன்றிப்பண்ணைகளும் மீன்தூளை விட்டுச் சோயாவுக்குப் பாய்ந்தன. சோயா விலை ஏறியது. அவ்வாண்டு சூன் திங்களில் அமெரிக்கா தன் சோயா ஏற்றுமதியையே நிறுத்தியது. சோயாவுக்கு அமெரிக்காவையே நம்பியிருந்த சப்பான் திகைத்துப்போய், பின்னர்ப் பிரேசிலில் சோயா வளர்க்கப் பணம் போட்டது. பெருநாட்டுக் கடல் இன்றும் அப்படியே. 2023-இலும் வெந்நீரோட்டத்தால் அவ்வாண்டின் முதற் பருவ மீன்பிடிப்பையே அரசு கைவிட நேர்ந்தது. கடலை நம்பினாலும் இடர். ஓர் அயல்நாட்டுப் பயற்றை மட்டும் நம்பினாலும் இடர். இவ்விரண்டும் ஒரே ஆண்டில் விளங்கிய ஆண்டு 1973.

இனிக் கெண்டைக்கு வருவோம். குட்டைகளில் வளர்க்கப்படும் கட்லா, உரோகு, மிரிகால் மூன்றும் கங்கை முதலான வடவாறுகளின் மீன்கள். (காவிரிக்கே உரிய சேற்கெண்டையும் கருமுழிக்கெண்டையும் ஒதுக்குண்டு போயின, அது தனியே பேசத்தக்க செய்தி.) 1957-இல் ஈராலால் சௌத்ரி என்னும் அறிஞர், மீனின் மூளையடிச் சுரப்பிச் சாற்றை ஊசிவழி ஏற்றிக் கெண்டையைக் குட்டைநீரிலேயே முட்டையிடச் செய்தார். அதுமுதல் குஞ்சுக்கு ஆற்றை எதிர்நோக்க வேண்டாததாயிற்று. கட்லா மேல்நீரிற் சிற்றுயிர் மேயும். உரோகு இடைநீரிற் பாசியும் இலைதழையும் தின்னும். மிரிகால் அடிச்சேற்றில் மட்கியதைக் கிளறும். வேட்டையாடும் மீன் இவற்றுள் ஒன்றுமில்லை. 1959-இல் இந்தியாவுக்குக் கொணரப்பட்ட புல்கெண்டையோ பெயருக்கேற்பப் புல்லையே தின்பது. மேய்வனவற்றுக்கு ஊன் எதற்கு?

1971-இல் நடுவணரசு தொடங்கிய கூட்டுமீன் வளர்ப்பு ஆய்வுத்திட்டத்தில், கடலைப் பிண்ணாக்கும் அரிசித் தவிடும் சரிபாதி கலந்து இடுவதே வழக்கமாயிற்று. இக் கலவையின் கணக்கு எளிது. கடலைப் பிண்ணாக்கில் நூற்றுக்கு 40 முதல் 45 பங்கு புரதம்; தவிட்டில் 12 முதல் 14. சரிபாதி கலந்தால் 26 முதல் 29. வளர்ந்துவரும் கெண்டைக்கு வேண்டுவதும் 25 முதல் 30 தான். போதாக்குறைக்குச் சாணமும் உரமும் இட்ட நீரில் பாசியும் சிற்றுயிரும் பெருகி, பிண்ணாக்கில் இல்லாத நுண்ணூட்டங்களைத் தந்துவிடும். இது ஏட்டுக்கணக்கு மட்டுமன்று. ஆந்திரத்தின் கொல்லேறு ஏரியைச் சுற்றி எழுந்த, இந்தியாவிலேயே பெரிய கெண்டை வளர்ப்புத் தொழில், எண்ணெய் எடுத்த தவிட்டையும் பிண்ணாக்கையும் துளையிட்ட பைகளிற் கட்டி, மூங்கிற் கழிகளில் நீருக்குள் தொங்கவிட்டே வளர்ந்தது. பனிக்கட்டியில் அடைத்து வங்காளத்துக்கும் அசாமுக்கும் ஏற்றப்பட்ட அத்தனை மீனும் பெரும்பாலும் மீன்தூளின் வாடையறியாதவை.

அவ்வாறாயின் மிதவைத் தீவனம் ஏன் வந்தது? அதன் நன்மையையும் மறைத்தலாகாது. பொடியாய்த் தூவிய பிண்ணாக்கில் ஒரு பகுதி மீன்வாய்க்குப் போகுமுன் கரைந்துபோகும்; கரைந்தது அடியில் அழுகி நீரைக் கெடுக்கும்; மீன் தின்றதா இல்லையா என்றும் தெரியாது. மிதக்குங் குருணை கண்முன் மிதக்கும், தின்றது தெரியும், எஞ்சுவதும் தெரியும், மறுநாள் குறைத்திடலாம். வேகவைத்து அழுத்திப் பிதுக்கும் அம் முறையில் பயற்றுப் புரதமும் மாவும் எளிதிற் செரிக்கும். இவையனைத்தும் செய்முறையால் வந்த நன்மைகள், மீன்தூளால் வந்தவையல்ல. நல்ல கெண்டைத்தீனி ஆலைகள் மீன்தூளை மிகச் சிறிதாகவோ அறவே இல்லாமலோதான் செய்கின்றன. பையின் அச்சு ஆங்கிலத்திலிருப்பதால் உழவருக்கு இது தெரிவதில்லை, அவ்வளவே.

நிலைத்திணைப் புரதத்துக்குக் குறையே இல்லை என்றும் கூறுதற்கில்லை. குறையை அறிந்தவரே அதனை நிறைக்கவும் வல்லார். புரதம் என்பது ஒற்றைப் பொருளன்று. இருபது வகை அமினோக் காடிகள் மணிமணியாய்க் கோத்த மாலை. (பாடநூல்கள் 'அமினோ அமிலம்' என்னும். புளித்த நீருக்குக் காடி என்னும் சொல் வீட்டில் வழங்க, வடசொல்லை நாடுவானேன்?) அவற்றுட் பத்தினை மீன் தன் உடலில் ஆக்கிக்கொள்ள மாட்டாது, இரையிலிருந்தே பெறவேண்டும். மீன்தூளில் அப் பத்தும் மீனுக்கு வேண்டிய அளவிலேயே உண்டு. மீனின் உடலே மீனுக்கு இரையாகும்போது அளவு பொருந்துவதில் வியப்பில்லை. கடலைப் பிண்ணாக்கில் இலைசின், மெத்தியோனின் என்னும் இரண்டும் குறைவு. உளுந்திலும் பயற்றிலும் இலைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. எள்ளுப் பிண்ணாக்கில் மெத்தியோனின் மிகுதி, இலைசின் குறைவு. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைக்கும். சோற்றோடு பருப்பைப் பிசைந்துண்டவர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? அரிசியிற் குறைந்த இலைசினைப் பருப்புத் தருகிறது. பருப்பிற் குறைந்த மெத்தியோனினை அரிசி தருகிறது. பெயரறியாமலே அடுக்களை அறிந்திருந்த அறிவியல் அது. குட்டைக்கு மட்டும் ஏன் ஒரே பிண்ணாக்கை நாளெல்லாம் இடவேண்டும்? தஞ்சையிற் சம்பா, தாளடி அறுத்த ஈரத்தில் உளுந்தும் பயறும் விளைகின்றன. கோடையில் எள் விளைகிறது. புதாற்றுப் பாசனத்தில் கடலையும், பேராவூரணிப் பக்கம் தென்னையும் விளைகின்றன. உளுந்து உடைக்கும் ஆலைகளில் தோலும் குருணையுமாய் மலிந்துகிடக்கும் பொட்டு, மாட்டுக்குப் போவது போல் மீனுக்கும் போகலாம். தேங்காய்ப் பிண்ணாக்கில் புரதம் இருபது பங்களவே உண்டு, நாரும் மிகுதி, அதனைத் துணையாக மட்டுமே கொள்ளவேண்டும். கம்மல் பாசி எனப்படும் அசோலாவை உலர்த்தினால் 20 முதல் 25 பங்கு புரதம் உண்டு. ஆனால் பச்சையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர் என்பதை மறந்து, அதனாலேயே குட்டை நிறையும் என்று பேசுவோர் உழவரை ஏமாற்றுகின்றனர்.

அடுத்தது நஞ்சு. செடி தன் விதையைக் காக்கச் சில பொருள்களை வைத்துள்ளது. பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருளுண்டு. வெப்பத்தில் அது அழியும். பருத்திக்கொட்டையிலுள்ள கோசிப்பால் மாட்டின் பெருவயிற்றிற் பெரிதும் தணிந்துபோகும். மீனுக்கும் கோழிக்கும் அத்தகைய வயிறில்லை. தவிட்டிலும் பயற்றிலுமுள்ள பைட்டிக் காடி, எரியம் எனப்படும் பாசுபரசைப் பூட்டி வைத்துக்கொள்ளும். பூட்டிய எரியம் மீனுடலிற் சேராது கழிவாய் வெளியேறிப் பாசியை மிகையாய்ப் பெருக்கும். அப் பூட்டைத் திறக்கும் நொதியை இன்று ஆலைகள் தீனியிற் சேர்க்கின்றன. ஊறவைத்தலும் புளிக்கவைத்தலும் அதனையே ஓரளவு செய்யும். இட்டலி மா ஓரிரவு புளிக்கும்போது நடப்பதும் இதுதான்.

எல்லாவற்றினும் கொடியது கடலைப் பிண்ணாக்கிற் பூக்கும் பூஞ்சை. 1960-இல் இங்கிலாந்தில் நூறாயிரம் வான்கோழிகள் கரணியம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கிற் படர்ந்த பூஞ்சையின் நஞ்சே அதற்குக் கரணியமென விளங்கிற்று. அபுளாதாக்சின் என்னும் அந் நஞ்சு ஈரலை அழிப்பது. வேகவைத்தாலும் எளிதில் நீங்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண்தரையில் அடுக்கிய பிண்ணாக்கு மூட்டைக்கு அது தானே வந்துசேரும். பலகைமேல் அடுக்கிச் சுவரைத் தொடாமல் வைப்பதும், பூத்த பிண்ணாக்கை 'மீனுக்குத்தானே' என்று வீசாதிருப்பதும் எந்த ஆலையின் உதவியும் வேண்டாத காப்புகள். தவிடும் அவ்வாறே. அரைத்த பச்சரிசித் தவிடு சில நாளிலேயே காறிப்போகும். புழுங்கல் அரிசித் தவிடு அதனினும் நெடுநாள் தாங்கும். தஞ்சை நாடு புழுங்கலரிசி நாடு என்பது இவ்வகையில் ஒரு நற்பேறு.

கெண்டைக்குச் சொன்ன இவையனைத்தும் இறாலுக்கும் விராலுக்கும் அப்படியே பொருந்தா. விரால் வேட்டை மீன். அதன் தீனியில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் புரதம் வேண்டும். இலைதழையாலோ பிண்ணாக்காலோ மட்டும் அதனை வளர்க்க இன்றைய நிலையில் இயலாது. விலை மிகுதி என்பதற்காகக் கெண்டையை விட்டு விராலுக்கு மாறும் உழவர் இதனை எண்ணிப் பார்த்து மாறவேண்டும். இறாலின் செய்தி இன்னும் கசப்பானது. 1990-களின் தொடக்கத்தில் சீர்காழி முதல் நாகைக்குத் தெற்குவரை நெல்வயல்களும் கடலோரத் தரைகளும் இறால் குட்டைகளாயின. கிணற்றுநீர் உவர்த்தது, பக்கத்து வயல் கெட்டது, வேலையிழந்த உழவுத்தொழிலாளர் குமுறினர். சகந்நாதன், கிருட்டிணம்மாள் இணையர் மக்களைத் திரட்டிப் போராடினர். சகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 திசம்பர் 11-இல் உச்ச முறைமன்றம், கடலோர ஒழுங்குமண்டலத்திலுள்ள இறால் குட்டைகளை அகற்ற ஆணையிட்டது. பின்னர் 2005-இல் வந்த கடலோர நீருயிரி வளர்ப்புச் சட்டம் உரிமம் பெற்ற குட்டைகளுக்கு வழிவிட்டது. 2009 முதல் அமெரிக்கக் கரையிலிருந்து வந்த வெள்ளைக்கால் இறால் பரவிற்று. அன்றைய வழக்கிற் பேச்செல்லாம் பெரிதும் மண்ணையும் நீரையும் சுற்றியே நின்றது. தீனிக்குள் மறைந்த கடல் அத்துணை கண்ணிற் படவில்லை. ஓர் எக்டேரில் ஐந்து தொன் இறால் விளைய, தொன்னுக்கு ஒன்றரைத் தொன் வீதம் ஏழரைத் தொன் தீனி. அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு மீன்தூள் எனின், ஐந்து தொன் இறாலுக்கு ஏறத்தாழ ஐந்து தொன் கடல்மீன் கரைந்திருக்கும்.

இதனைக் குறைக்க இயலும் என்பதற்குச் சான்றுண்டு. இறாலினும் கடிய வேட்டை மீனான சால்மனை வளர்க்கும் நார்வேயில், 1990-இல் தீனியின் பத்தில் ஒன்பது பங்கு கடலிலிருந்து வந்தது. 2013-இல் பத்தில் மூன்று பங்கே. எஞ்சியதைச் செடிப் புரதமும் செடி எண்ணெயும் நிரப்பின. (சால்மன் உண்பார் நாடும் ஒமேகா-3 கொழுப்பு அதனாற் குறைந்தது என்பது வேறு.) சென்னையில் 1987-இல் நிறுவப்பட்ட நடுவண் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம், உள்நாட்டுப் பொருள்களைக் கொண்டு செலவுகுறைந்த 'வனாமி பிளசு' என்னும் இறால்தீனியை ஆக்கித் தந்துள்ளது. நாகையில் மீன்வளப் பல்கலைக்கழகம் உள்ளது. குறுவை அறுவடையில் நனைந்த நெல்லைக் காக்கவெனத் திருவாரூரில் எழுந்த ஆய்வகம், இன்று தஞ்சையில் நடுவணரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாய் வளர்ந்துள்ளது. அறிவுக்குக் குறைவில்லை, அது குட்டைக்கரைக்கு வரவில்லை.

மீன்தூளுக்கு மாற்று என்றதும் ஆலைக்காரர் கைகாட்டுவது சோயா ஒன்றையே. சோயா மாவில் 44 முதல் 48 பங்கு புரதம், அளவும் ஒரே சீராயிருக்கும், வேண்டுமட்டும் கிடைக்கும். நல்ல பொருள்தான். ஆனால் அது மத்தியப் பிரதேசத்திலும் மகாராட்டிரத்திலும் விளைவது. தஞ்சைக் களிமண்ணில் விளைவதன்று. 2021-இல் அதன் விலை ஏறி, கோழிப்பண்ணையாரும் மீன்தீனி ஆலையாரும் முறையிட, ஆகத்துத் திங்களில் மரபணு மாற்றிய சோயா மாவைப் பன்னிரண்டு இலக்கம் தொன்வரை இறக்குமதி செய்ய நடுவணரசு இசைந்தது. நூறு கிலோ மீன்தூளுக்கு மாற்றாய் நூறு கிலோ அயற்சோயாவைப் போட்டுவிட்டுத் 'தற்சார்பு' என்று பெயர்வைப்பது, 1973-இல் சப்பான் பட்டதை மறப்பதாகும். சோயாவும் இருக்கட்டும், எள்ளும் கடலையும் உளுந்தும் தவிடும் அதனோடு இருக்கட்டும். ஓராண்டு ஒன்று பொய்த்தால் மற்றொன்று தாங்கும்.

தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் அரிசியாலைத் தவிடு எங்கே போகிறது என்று பார்த்தால் நகைப்பும் வரும், சினமும் வரும். சரக்குந்தில் ஏறி எண்ணெய் ஆலைக்குப் போகிறது. எண்ணெய் பிழிந்தபின் எஞ்சியது தீனி ஆலைக்குப் போகிறது. அங்கே சோயாவும் பிறவும் கலந்து, குருணையாகி, பையிலேறி, ஒரத்தநாட்டுக் கடைக்குத் திரும்பி வருகிறது. வழியில் ஒவ்வொரு கைக்கும் ஊதியம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் உரமும் விதையும் விற்கின்றன. வட்டத்துக்கு ஒன்றாக அவையே ஒரு சிறு தீனியாலை வைத்தாலென்ன? புழுங்கல் தவிடும், எள்ளுப் பிண்ணாக்கும், உளுந்துப் பொட்டும் கலந்து வேகவைத்து அழுத்தும் பொறி பெரும்பொறியன்று. கலவையளவைப் பல்கலைக்கழகம் ஆய்ந்து தரவேண்டும்; கடலைப் பிண்ணாக்கின் பூஞ்சை நஞ்சை அளந்து சொல்லும் ஆய்வுக்கூடம் மாவட்டத்துக்கு ஒன்று வேண்டும்; அவ் வாய்வின் கட்டணம் சிறு குட்டைக்காரருக்கு எட்டும் அளவில் இருக்கவேண்டும். அதுவரையில் அரசு உடனே செய்யத்தக்கது ஒன்றுண்டு. அதற்குப் பணமும் வேண்டா. தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு மீன்தீனிப் பையிலும், மொத்தப் புரதம் இவ்வளவு என்பதோடு நில்லாது, அதில் மீன்தூள் எத்தனை பங்கு, சோயா எத்தனை பங்கு, தவிடும் பிண்ணாக்கும் எத்தனை பங்கு, அரைத்த நாள் எது என்பவற்றை, குட்டைக்காரர் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், தமிழில் அச்சிட ஆணையிட வேண்டும்.